கதவைத் திறந்தவனின் கடன்

1

ஒரு படத்தைப் பற்றிப் பார்வையாளன் சொல்கிற அபிப்பிராயம் பல சமயங்களில் படத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. தன்னைப் பற்றி நேராகப் பேசக் கூசுகிறவன், திரையில் அகப்பட்டுக்கொண்ட ஒருவன்மீது தீர்ப்புச் சொல்வதன் மூலம் தன்னைப் பேசிவிடுகிறான். மயக்கு, சபலம், தண்டனை என்ற மூன்றையும் வைத்துப் பின்னப்பட்ட திகில் படங்களில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கிளம்புகிற பேச்சுத்தான் இங்கே எனக்கு விஷயம். படத்தின் கலைத்தகுதி இரண்டாம்பட்சம். அது அப்படியொன்றும் அதிகமில்லை.

படம் ‘நாக் நாக்’. ஈலை ராத் இயக்கத்தில் 2015இல் வந்தது. இதற்கு மூலம் பீட்டர் டிரேனர் இயக்கி 1977இல் வெளியான ‘டெத் கேம்’. பழைய படத்தில் வாசலில் வந்து நின்ற இரு பெண்களாக நடித்த சோன்ட்ரா லாக்கும் காலீன் கேம்ப்பும் புதிய படத்தின் தயாரிப்பில் பங்கு கொண்டிருக்கிறார்கள். கதை எளிது. மனைவி சிற்பி, கணவன் கட்டிடக்கலைஞன். மனைவியும் குழந்தைகளும் கடற்கரைக்குப் போன ஒரு வாரக்கடைசி. மழை. கதவு தட்டப்படுகிறது. நனைந்த இரு இளம்பெண்கள்; வழி தவறிவிட்டோம், தொலைபேச வேண்டும் என்கிறார்கள். அவன் கதவைத் திறக்கிறான். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுக்கிறான். அவர்களுக்காக வாடகைக் கார் சொல்கிறான். கார் வருவதற்குள் பேச்சு நெருங்குகிறது. அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார உட்கார அவன் இடம் மாறி உட்காருகிறான். கடைசியில் மாறி உட்காருவதை நிறுத்திவிடுகிறான். மறுநாள் காலையிலிருந்து அந்த வீடு அவனுடையதாக இல்லை. கட்டிப்போடுகிறார்கள், விசாரிக்கிறார்கள், தண்டிக்கிறார்கள். கழுத்துவரை தோட்டத்தில் புதைத்துவிட்டு, இதுவரை எந்த ஆணும் எங்களை மறுத்ததில்லை என்று சொல்லிப் போய்விடுகிறார்கள்.

2

விளாங்குடியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் அவ்வப்போது ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். விளாங்குடி, திண்டுக்கல் சாலையில், 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர். நகரம் தன்னை வந்து எடுத்துக்கொண்டுவிட்டது என்பதை முழுவதும் ஒப்புக்கொள்ளாத முகம் இன்னும் அதற்கு இருக்கிறது. இந்தப் படத்தையும் அங்கேதான் பார்த்தோம். பார்த்தவர்களில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், கல்லூரியில் பாடம் சொல்லும் இளைஞர் ஒருவர். நண்பரின் மனைவி மாடிப்படியோரம் உட்கார்ந்து, கீழே அடுப்பிலிருந்ததையும் கவனித்துக்கொண்டு பாதிக்கு மேல் பார்த்தார்.

வங்கிக்காரர் முதலில் பேசினார். “அந்தாளுக்கு வேணும்ய்யா. குத்துக்கல்லாட்டம் பொண்டாட்டி பிள்ளைக இருக்கையில இது கேக்குதா?” பட்டறைக்காரர் இதை ஏற்கவில்லை. “அப்பிடிச் சொல்லாதீக அண்ணே. வீட்டுக்குள்ள வந்து இம்புட்டுத் தூரம் பண்ணுனா எவனா இருந்தாலும் விழுந்திருவான். நாம விழுகல, நமக்கு யாரும் வந்து கதவத் தட்டல. அம்புட்டுத்தான்.” இளைஞர் இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சை எடுத்தார்: இத்தனை காலம் பெண்கள் படங்களில் பட்டதை ஒரு ஆண் படுவதைப் பார்க்கையில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று.

நண்பரின் மனைவி இந்த விவாதத்தில் சேரவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது பொதுவாகக் கேட்டார்: “அதெல்லாம் சரி. அந்தப் பொம்பளை செஞ்சு வச்சிருந்த சிலையெல்லாம் எதுக்கு ஒடைச்சாளுக? அவ என்ன பண்ணுனா?”

யாரும் பதில் சொல்லவில்லை. “அது சும்மா, படத்துக்காக மதினி” என்று இளைஞர் சொன்னார். எனக்கு அந்தக் கேள்வி அன்று மாலை பேசப்பட்ட எல்லாவற்றையும் விடக் கனமானதாகப் பட்டது. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடுகிற முயற்சி.

3

‘வேண்டியதுதான்’ என்பதும் ‘எவனாக இருந்தாலும்’ என்பதும் எதிரெதிர் அபிப்பிராயங்களாகத் தோற்றம் காட்டுகின்றன. ஒன்று தண்டிக்கிறது, மற்றது மன்னிக்கிறது. ஆனால் இரண்டுமே ஒரே கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போகின்றன: அவன் செய்தது தவறு என்றால், அது யாருக்குச் செய்த தவறு?

முதல் அபிப்பிராயம் தவறைத் தெரிந்துகொள்கிறது. ஆனால் அதைக் காற்றில் மிதக்கிற ஒரு பொருளாக ஆக்கிவிடுகிறது. தவறு செய்தான், ஆகவே அவனுக்கு நோவு வர வேண்டும். யார் கையால் வந்தால் என்ன? இரண்டாவது அபிப்பிராயம் தவறையே கரைத்துவிடுகிறது. மனித சுபாவம் என்ற ஒரு பெரிய அண்டாவில் போட்டுக் கலக்கிவிட்டால் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. இதைப் பெருந்தன்மை என்று கொள்வதற்கில்லை. எல்லா ஆண்களும் இப்படித்தான் என்று சொல்கிறவன், இடம் மாறி உட்கார்ந்துகொண்டே இருந்து, கார் வந்ததும் அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிற ஆண்களை இல்லையென்றாக்கிவிடுகிறான். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை என்பதால் அவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை.

தார்மீகம் என்பது பொதுவான அசுத்தம், பொதுவான சுத்திகரிப்பு என்று நடக்கிற காரியம் அல்ல. எனக்கு அது கடனைப் போன்றது. கடனுக்குக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. பட்டவர் ஒருவர் உண்டு. என் மாமாவிடம் நான் வாங்கிய பணத்தை எதிர்த்தெருக்காரன் வந்து என் கழுத்தில் கத்தி வைத்துப் பிடுங்கிக்கொண்டு போனால், நான் கடன்காரன் என்பது உண்மையாக இருந்தாலும் அது வசூல் ஆகாது. அது கொள்ளை. என் மாமாவுக்குக் கடன் அப்படியே நிற்கிறது. இந்தப் படத்தில் அந்த மனிதன் தன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கடன்பட்டான். அந்த இரு பெண்களுக்கு அவன் எதுவும் தர வேண்டியதில்லை. அவர்கள் அவனை மயக்க வந்தவர்கள், மயக்கியவர்கள், மயங்கினான் என்ற காரணத்துக்காகத் தண்டித்தவர்கள். குற்றத்தைக் கிளப்பியவரே சாட்சியாகவும் நீதிபதியாகவும் நிறைவேற்றுபவராகவும் இருக்கிற ஒரு நீதிமன்றம் அது.

இதற்கு நிரூபணம் வேண்டுமென்றால் உடைந்த சிலைகளைப் பார்க்க வேண்டும். குடும்பத்தைக் காட்டிக் கொடுத்தவனைத் தண்டிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், காட்டிக் கொடுக்கப்பட்டவளின் பல வருஷ உழைப்பைப் பாழடிக்கிறார்கள். அவள் சிற்பத்தைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக வந்த ஒரு மனிதன், யாருக்கும் எந்தத் தவறும் செய்யாதவன், அந்த வீட்டிலேயே சாகிறான். மாடியில் பேசியவர்கள் யாருக்கும் இந்தச் சாவு ஞாபகம் வரவில்லை. ‘வேண்டியதுதான்’ என்ற சொல்லுக்கு அவனிடம் இடமில்லை. அதனால் அவனே பேச்சிலிருந்து வெளியேற்றப்பட்டான். போலி வசூல்காரனைக் கண்டுபிடிக்க வழி இதுதான்: உண்மையான கடன்காரரின் வீட்டையும் சேர்த்துக் கொளுத்துகிறானா என்று பார்த்தால் போதும்.

4

இந்தக் கதை அமெரிக்காவில் பிறந்ததல்ல. வாசலில் வந்து நிற்கிற மயக்கு என்பதை நம் புராணங்கள் இதைவிடத் துணிச்சலாகச் சொல்லியிருக்கின்றன. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வருகிற தாருகவனக் கதையில் மயக்குகிறவர்கள் இருவர், அதுவும் கடவுளர். வேள்வியே போதும், கடவுள் வேண்டாம் என்றிருந்த முனிவர்களின் செருக்கை அடக்கத் திருமால் மோகினியாக முனிவர்களிடத்தில் போகிறார். சிவன் பிச்சை எடுப்பவராக அவர்களுடைய மனைவியரின் வாசல்களுக்குப் போகிறார். பெண்கள் பிச்சையிடத்தான் வெளியே வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாக் நாக்’ படத்திலும் கதவு திறந்தது மழையில் நனைந்தவர்களுக்காக. மயக்கு இரண்டு கதைகளிலும் திறவுகோலாகக் கொண்டுவருவது சபலத்தை அல்ல, தர்மத்தை. ஈகை இல்லாத வீட்டில் அந்தக் கதவு திறந்தே இருக்காது.

கதை மதுரைக்கு வருவது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், வளையல் விற்ற படலத்தில். நிறை குலைந்த மனைவியரை முனிவர்கள் சபிக்கிறார்கள்: மதுரையில் வணிகர் குலத்தில் பெண்களாய்ப் பிறக்கக் கடவது. சொக்கநாதர் கைதொட்டால் சாபம் தீரும். இரண்டு புராணங்களையும் சேர்த்து வைத்துப் படிக்கையில் முனிவர்களின் நிலை கூசவைக்கிறது. மோகினியின் பின்னால் போனவர்கள் அவர்களும்தான். தங்களைத் தாங்களே அவர்கள் சபித்துக்கொள்ளவில்லை. தாங்கள் விழுந்ததை ‘எவனாக இருந்தாலும்’ என்ற கணக்கிலும், மனைவியர் விழுந்ததை ‘வேண்டியதுதான்’ என்ற கணக்கிலும் எழுதிக்கொண்டார்கள். விளாங்குடி மாடியில் இரண்டு பேர் சொன்னதை அவர்கள் ஒரே வாயால் சொன்னார்கள். இந்த இரு அபிப்பிராயங்களும் முரண்பட்டவை அல்ல, ஒரே மனிதன் தனக்கும் பிறருக்குமாக வைத்திருக்கிற இரண்டு படிகள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

புராணம் இத்தோடு நிற்கவில்லை. சோதித்தவன் தன் பங்கை ஏற்றுக்கொள்கிறான். சிவன் வளையல் செட்டியாக மாடவீதிகளில் நடந்து வருகிறான். அந்தப் பெண்களின் கையைப் பிடித்து வளையல் இடுகிறான். காதலில் வளை நெகிழ்வது நம் அகப்பாட்டின் பழைய சங்கதி. எவனால் வளை கழன்றதோ அவனே தெருவில் கூவி வந்து திரும்பப் போட்டுவிட்டுப் போகிறான் என்று நான் இதை வாசிக்கிறேன். ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் இந்த லீலையை மதுரை கொண்டாடுகிறது. பக்தி என் விஷயமல்ல; ஆனாலும் இதில் ஒரு பெரிய தார்மீக உணர்வு ஒளிந்திருக்கிறது. சோதிப்பது ஒரு செயல். அதைச் செய்கிறவனுக்கும் கணக்கு உண்டு. சோதனை, மனிதனுக்குள் ஏற்கனவே இருந்த எதையோ வெளியே எடுத்துக் காட்டுகிற கண்ணாடி மட்டும் அல்ல. இல்லாததை உண்டாக்குகிற உலையும்கூட. அந்த இரவு அந்தக் கதவு தட்டப்படாதிருந்தால் அந்தக் கணவன் யோக்கியனாகவே செத்துப் போயிருக்கலாம். அப்போது அவன் யோக்கியதை பொய்யா? இல்லை. பரீட்சிக்கப்படாத யோக்கியதையும் யோக்கியதைதான். நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது அந்த வகைதான்; அதை வைத்துத்தான் குழந்தைகளை வளர்க்கிறோம், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறோம்.

ஆனால் இதிலிருந்து பட்டறைக்காரரின் முடிவுக்குப் போய்விட முடியாது. உலை மூட்டியவனுக்குக் கணக்கு உண்டு என்பதால் உருகினவனுக்குக் கணக்கு இல்லையென்று ஆகிவிடாது. கட்டிப்போடப்பட்ட நிலையில் அந்தக் கணவன் கத்துகிற ஒரு இடம் படத்தில் இருக்கிறது. நீங்களாக வந்தீர்கள், வீடு தேடி இலவசமாக வந்த பண்டத்தை வேறென்ன செய்வான் ஒருவன் என்கிற ரீதியில். பார்வையாளர்கள் சிரிக்கிற இடம் அது. எனக்குப் படத்தில் உண்மையான இடம் அதுதான் என்று தோன்றியது. தன்னைக் கொல்லப்போகிறவர்களிடம் அவன் சொல்வது பொய்யல்ல. அவர்களுக்கு அந்தப் பதில் போதும். ஆனால் அதே பதிலைத் தன் மனைவியிடம் அவனால் சொல்ல முடியுமா? ஒரே வாக்கியம் ஒரு காதில் நியாயமாகவும் இன்னொரு காதில் அசிங்கமாகவும் ஒலிக்கிறது. கடன் யாருக்கு என்பது முடிவாகாமல் குற்றத்தின் அளவை முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்வது இதைத்தான்.

5

தமிழில் இதற்குக் கிட்டத்தில் வரும் படம் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978). அங்கே வீடு உடைக்கப்படவில்லை; வீடே பொறி. மதிப்பும் பணமும் உள்ள ஒருவன் பெண்களை மயக்கித் தன் பங்களாவுக்குக் கூட்டி வந்து கொல்கிறான். ஏன் என்பதற்குப் படம் பின்கதை வைத்திருக்கிறது. வேலைக்காரச் சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டுப் பெண் அவனை மயக்கப் பார்த்துப் பழியை அவன்மேல் போடுகிறாள். அடைக்கலம் கொடுத்த இன்னொரு வீட்டில், கணவன் இல்லாத நேரத்தில் அந்த வீட்டுக்காரி வேறொருவனோடு இருக்கிறாள். திரும்பி வந்த கணவன் அவளைக் கொல்கிறான். யாரோ இரு பெண்கள் பட்டதாகச் சொல்லப்படுகிற கடனை, வேறு பெண்கள் தங்கள் உயிரால் கட்டுகிறார்கள். இடம் மாறிய வசூல் இதைவிடத் தெளிவாக எங்கும் காட்டப்படவில்லை.

அந்தப் படம் ஓடிய காலத்திலிருந்து இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் ஒரு தொனியைக் கேட்டு வருகிறேன். கொலைகாரனிடம் ஒரு அனுதாபம். ‘அவனை அப்படி ஆக்கியது பெண்கள்’. பின்கதை விளக்கம் சொல்கிறதா, மன்னிப்புத் தருகிறதா என்ற வித்தியாசம் நம் ரசனையில் பதிவாவதே இல்லை. ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு பார்வையாளன் உட்கார்ந்திருக்கிறான். கொலைகாரனை வளர்த்த அந்தக் கிழவன், இவன் செய்வதையெல்லாம் படமெடுக்கச் சொல்லிப் பார்த்து ரசிக்கிறான். மயக்கைப் பார்த்துக் கிளர்ந்து, தண்டனையைப் பார்த்துச் சாந்தி அடைகிறவன். டிக்கெட் வாங்கிய கூட்டம் திரைக்குள் தன் முகத்தைப் பார்க்கக் கிடைத்த இடம் அது. பாரதிராஜா அதை எவ்வளவு தூரம் பிரக்ஞையோடு செய்தார் என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. 1980இல் அவரே அதை இந்தியில் ‘ரெட் ரோஸ்’ என்று எடுத்தார்.

‘நாக் நாக்’ பார்த்தவர்களும் இதைத்தான் செய்தோம். படத்தின் முதல் பாதியில் மழையும் துண்டும் நெருக்கமும் திரையில் நீள நீள யாரும் எழுந்து போகவில்லை, நண்பரின் மனைவியைத் தவிர; அவருக்குக் கீழே அடுப்பு இருந்தது. அந்தக் கதவு எங்களுக்கும் சேர்த்துத்தான் திறந்தது. இரண்டாம் பாதியில் அவன் வதைபட்டபோது, முதல் பாதியில் கிடைத்த சுகத்துக்கான கட்டணம் அவன் தோலிலிருந்து எடுக்கப்பட்டது. ‘அந்தாளுக்கு வேணும்’ என்பதில் தெரிந்த உற்சாகம் அறச்சீற்றத்தின் உற்சாகம் இல்லை. தன் கணக்கை வேறொருவன் கட்டிவிட்ட நிம்மதி. இந்த வகைப் படங்களின் இயந்திரமே இதுதான். ஆசையைக் காட்டி, ஆசைப்பட்டவனைத் தண்டித்து, ஆசைப்பட்ட பார்வையாளனை நீதிமானாக்கி வீட்டுக்கு அனுப்புகின்றன. பழைய ‘டெத் கேம்’ இன்னும் ஒருபடி போய், கடைசியில் அந்தப் பெண்கள்மீதும் ஒரு வண்டியை மோதவிட்டுக் கணக்கை நேர் செய்கிறது. 2015இல் அவர்கள் நடந்து போய்விடுகிறார்கள். யாரைத் தண்டிப்பது என்பதில் காலம் மாறியிருக்கிறது. தண்டிக்க ஒருவர் வேண்டும் என்பதில் மாறவில்லை.

6

இதற்கு எதிராக நிறுத்த என்னிடம் இருப்பது மதுரையில் நடந்த ஒரு கொலைதான். அதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இந்தக் கோணத்திலிருந்து அதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

கோவலன் மாதவியிடம் போனவன். குடும்பத்தின் செல்வத்தைக் கரைத்தவன். இன்றைய பார்வையாளனிடம் சிலப்பதிகாரத்தைத் திகில் படமாகக் காட்டினால், மதுரையில் அவன் வெட்டுண்டு விழுந்ததும் ‘வேண்டியதுதான்’ என்று ஒரு குரல் எழும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காப்பியத்தில் அந்தக் குரல் எங்கும் இல்லை. அவன் செத்தது செய்யாத களவுக்காக. பொற்கொல்லன் சொன்ன பொய்யை அரசன் விசாரிக்காததால். மதுராபதித் தெய்வம் ஊழ்வினைக் கணக்கை விரித்துச் சொல்லும்போதுகூட மாதவியின் பெயர் அந்தக் கணக்கில் வருவதில்லை. முற்பிறவியில் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், அதற்குத்தான் இது. பொய்ப்பழிக்குப் பொய்ப்பழி. ஊழைக்கூட இளங்கோ தப்பான முகவரிக்கு அனுப்பவில்லை.

அப்படியானால் மாதவியின் பொருட்டு அவன் பட்ட கடன்? அதுவும் காப்பியத்தில் பேசப்படுகிறது. சரியான இடத்தில், சரியான இருவருக்கிடையில். மதுரைக்கு வெளியே, ஆயர் குடியிருப்பில், மாதரி கொடுத்த வீட்டில், கண்ணகி சமைத்துப் போட்ட உணவை உண்டு முடித்தபின். கோவலன் தன் தீநெறியை எண்ணி வருந்துகிறான். கண்ணகி ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. நல்லவர்கள் போற்றாத ஒழுக்கத்தில் நீங்கள் நடந்தீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். தான் இழந்தவற்றைக் கணக்கெடுக்கையில் அவள் சொல்லும் இழப்புகளில் ஒன்று, விருந்தினரை எதிர்கொள்கிற பேறு. கணவன் பிரிந்த வீட்டில் வாசலுக்கு வருகிறவரை வரவேற்க அவளுக்கு உரிமை இல்லாமல் போனது. அவன் வேறொரு வாசலுக்குள் போனதில் தன் வாசல் அடைபட்டது என்பது அவள் வழக்கு. கற்பு என்றும் களங்கம் என்றும் நாம் போடுகிற கூச்சலுக்கு நடுவில் இந்தச் சின்ன, துல்லியமான கணக்கு எவ்வளவு பெரியது.

பின்னர் அதே கண்ணகி அரசவையில் நிற்கிறாள். தன்னிடம் கடன்பட்ட அந்தக் கணவனுக்காக. அவளிடம் இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்றை இன்னொன்றோடு அவள் கலக்கவில்லை. எனக்கு அவன் செய்த தவறு எனக்கும் அவனுக்கும் இடையில். அதைச் சாக்காக வைத்து நீ அவனைத் தொட முடியாது என்பதுதான் அந்தச் சிலம்பை உடைத்ததற்கு நான் கொள்ளும் பொருள். பின்னால் மதுரையை எரித்தபோது அவளே அளவு மீறினாளா என்பது வேறு கேள்வி. அங்கே அவளும் பிறருடைய கடனைப் பிறர் வீட்டில் வசூலித்தாள் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை நான் மறுக்க மாட்டேன். நான் வைத்த அளவுகோல் அவளுக்கும் பொருந்தட்டும்.

நம் சட்டம் இந்தத் தெளிவுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1860இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியோடு அவன் சம்மதமில்லாமல் உறவு கொண்ட ஆணுக்கு ஐந்தாண்டுவரை சிறை என்றது. குற்றம் அந்தக் கணவனுக்கு எதிரானது. புகார் சொல்லும் உரிமையும் அவனுக்கே. கணவன் மணமாகாத ஒருத்தியோடு போனால் அது அந்தப் பிரிவின்படி குற்றமே இல்லை. மனைவி புகார் சொல்ல ஏதுமில்லை. அதாவது, கண்ணகியைக் கடன் கொடுத்தவளாகவே அந்தச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவை ரத்து செய்தது. அன்று ‘இனி யாரும் எதுவும் செய்யலாமா’ என்று கேட்டவர்கள் ஏராளம். குற்றமில்லை என்றால் தவறுமில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். மணவிலக்குக்கு அது இன்னும் காரணம்தான். போலீஸ்காரன் வசூலிக்க வந்த கடன் திரும்ப உரிய கைக்குப் போயிருக்கிறது என்று அந்தத் தீர்ப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். நம்பிக்கைத் துரோகம் லேசான விஷயம் என்பதால் அல்ல. இரண்டு பேருக்கு மட்டுமே அதன் எடை தெரியும் என்பதால்.

7

இன்னொரு அபிப்பிராயமும் அன்று வந்தது. அதைச் சொல்லாமல் முடிப்பது சரியல்ல. படியிறங்கும்போது பட்டறைக்காரர் சொன்னார்: “எப்பிடியோ, ராத்திரியில எவ வந்து தட்டுனாலும் கதவத் தொறக்கப்படாது. அதத் தெரிஞ்சுக்கிட்டாச் சரி.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

படம் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் இதுவென்றால் அது அறம் சம்பந்தப்பட்ட பாடம் இல்லை, எச்சரிக்கை மட்டும்தான். இரண்டையும் நாம் இப்போது ஒன்றென்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறோம். விளாங்குடித் தெருக்களில் பழைய வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் உட்காரலாம். இப்போது திண்ணையிருந்த இடத்தில் இரும்புக் கிராதி. கிராதிக்கு உள்ளே கதவு. கதவில் வெளியே நிற்பவரை வேவு பார்க்க ஒரு கண்ணாடித் துளை. பயப்படக் காரணங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் ஒரே இல்லறவியலில் விருந்தோம்பலையும் வைத்தார், பிறனில் விழையாமையையும் வைத்தார். ஒன்று தன் வாசலுக்கு வந்தவனை வரவேற்கச் சொல்கிறது. மற்றது இன்னொருவன் வாசலில் ஆசையோடு போய் நிற்பவனைப் பேதை என்கிறது. வாசல் ஒன்றுதான். அதைத் திறப்பதில் குற்றமில்லை. அதில் எதற்காக நிற்கிறோம் என்பதில்தான் குற்றம். அந்த மனிதன் கதவைத் திறந்தது சரி. துண்டு கொடுத்தது சரி. கார் சொன்னது சரி. மாறி உட்காருவதை நிறுத்தியது தவறு. சரியாகச் செய்த மூன்றையும் தவறோடு சேர்த்துக் கொளுத்திவிட்டு, இனிக் கதவே திறக்காதே என்று சொல்வது, விழுந்தவனிடமிருந்து அவனுடைய நல்லதையும் பிடுங்கிக்கொள்வது. அப்படிச் சாத்தப்பட்ட வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் தான் யோக்கியன் என்று சொல்லிக்கொண்டால் அதைப் பூட்டின் யோக்கியதை என்றுதான் சொல்ல முடியும்.

உடைந்த சிலைகளைப் பற்றி நண்பரின் மனைவி கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். அந்தப் படத்தில் நடந்த விசாரணை அந்தச் சிற்பியின் சார்பில் நடக்கவேயில்லை. அவளுடைய பெயரைச் சொல்லி அவளுடைய வீட்டில் வேறு யாரோ தங்களுக்காக நடத்திக்கொண்டது. மாடியில் நாங்கள் நடத்தியதும் அவள் சார்பில் இல்லை.

படத்தின் கடைசிக் காட்சியில் மனைவியும் குழந்தைகளும் வீடு திரும்புகிறார்கள். நாசமான கூடத்தில் வந்து நிற்கிறார்கள். மகன், அப்பா விருந்து வைத்திருக்கிறார் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான். படம் முடிந்துவிடுகிறது. தீர்ப்புச் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் அப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறாள். அவள் தோட்டத்துப் பக்கம் போய், மண்ணில் புதைந்த தலையைப் பார்த்து, முதலில் மண்ணைத் தோண்டுவாளா, கேள்வி கேட்பாளா? தோண்டி எடுத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதன்பின் நல்லவர்கள் போற்றாததைச் செய்தாய் என்று சொல்வாளா? சொல்லிவிட்டு அவனுக்காகப் போய் சாட்சிக்கூண்டில் நிற்பாளா, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவாளா? எதைச் செய்தாலும் அது அவள் உரிமை. அதைப் பார்க்கப் பொறுமை இல்லாமல்தான் படமும் முடிகிறது, நாமும் அபிப்பிராயம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம்.